கொழுந்தனாரின் கடிதங்கள் மேல் நான் கட்டிய பிராது

எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இன்றைக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை நோட்டை விரித்து, பிள்ளையார் சுழி போட்டு, அடுத்த வரியில் துவரம்பருப்பு ஒரு கிலோ என்று எழுதி மூடிவைத்திருக்கிறேன். எட்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் எழுத வராமல் இல்லை; என் கையெழுத்தை டீச்சரே மெச்சியிருக்கிறார்கள். வெட்கம்தான் காரணம். என் கொழுந்தனாரைப் பற்றி எழுதினால், அவருக்கு நான் செய்ததையும் எழுத வேண்டும்.

அவர் பேரை இதில் போடவில்லை. பட்டாளத்து விஷயம். அதுவுமில்லாமல் அவரைத் தம்பி என்று கூப்பிட்டே பழகியவள் நான்.

தம்பிக்கு வாயில் பேச்சு வராது. ஊமை இல்லை, கூச்சம். யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே வார்த்தை சொல்வார்: "பாத்தேன்."

பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே செராமிக் கம்பெனியில் இருந்தார்கள். கரண்டு பீஸ் கட்டை செய்கிற கம்பெனி. என் வீட்டுக்காரருக்குச் சூளையில் வேலை. எனக்கு, சுடாத பச்சைக் கட்டைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுகிற வேலை. தம்பி, காய்ந்த கட்டைகளைப் பலகை பலகையாகச் சூளைக்குத் தூக்கிக்கொண்டு போவார். போகிற போக்கில் ஒரு கட்டையை எடுத்துத் தனியே வைத்துவிடுவார். சூப்பர்வைசர் கத்துவார்.

"நல்ல பீஸ எதுக்குடா எடுத்து வெச்ச?"

"வெடிக்கும்."

"ஒனக்கு மட்டும் எப்பிடிடா தெரியுது?"

"பாத்தேன்."

சூப்பர்வைசர் வீம்புக்கு அதையும் சூளைக்குள் அனுப்புவார். வெந்து வரும்போது அதில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கும்.

பட்டாளத்தில் சேர்ந்து நான்கைந்து வருடம் கழித்து அவருக்குக் கல்யாணம். பெண் கம்மாபுரம் பக்கம். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் நகை வேலை செய்கிற பத்தர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "மெட்டிய தளத்தணும்னு சொன்னாங்களே, யாருக்குங்க?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், புதுப்பெண்ணுக்கு மெட்டி இறுக்கம். அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அக்கினியைச் சுற்றி வரும்போது அவள் பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து வைத்ததைத் தம்பி கவனித்திருக்கிறார்.

"எப்ப தம்பி பத்தர்கிட்ட போயி சொன்னீங்க?" என்றேன்.

"பாத்தேன் அண்ணி" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் மூன்று வருடம் மெட்டி விரலை அறுத்தது. என் வீட்டுக்காரர் என்னை வைத்துக்கொண்டே அவர் அம்மாவிடம், "அதும் நடையே அப்பிடித்தாம்மா, வாத்து மாரி" என்று சொல்லிச் சிரித்தார். பத்தர் வந்து போன அன்றைக்குத்தான் என் வயிற்றில் முதல் நெருப்பு விழுந்தது.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. சூளை வெக்கையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கண்ணில் படாது. அப்படிக் கண்ணில் படாததில் நானும் ஒருத்தி. அவ்வளவுதான்.

தம்பி லீவில் வந்தால் நாற்பது நாளும் வீட்டில் ஏதாவது தானாகச் சரியாகிக்கொண்டே இருக்கும். சின்னவள், அதாவது என் ஓர்ப்படியாள், எக்கி எக்கி மிளகாய்த்தூள் டப்பாவை எடுப்பாள். மறுநாள் அவள் கைக்குச் சரியாக எட்டுகிற உயரத்தில் ஒரு பலகை அடித்திருக்கும். அவளைவிட நான் நாலு விரல் குட்டை. அந்தப் பலகைக்கும் நான் எக்கத்தான் வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எட்டலன்னா வாயத் தொறந்து கேக்கறது" என்றார். கேட்டுக் கிடைப்பதும் கேட்காமல் கிடைப்பதும் ஒன்றா? சொல்லுங்கள்.

அப்புறம் தம்பியை அமைதிப் படையில் சேர்த்து ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே வெளிநாட்டுக்காரன் யாரும் படையெடுத்து வரவில்லை. அந்த ஊர் ஜனங்களே இரண்டாகப் பிரிந்து ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என்னோடு பஞ்சு பிடிக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். பக்கத்துப் பக்கத்து முக்காலி.

வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும்.

"சாப்ட்டீங்களா?" என்பாள் சின்னவள்.

"ம். நீ?"

"ஆச்சு. அங்க மழையா?"

"ம்."

"வேற?"

"ஒண்ணுமில்ல. வெச்சிரட்டா?"

"இதுக்கு ஒரு போனு, அதுக்கு ஒரு டவரு!" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் கடிதம் வரும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? அவர் எழுதினார். அங்கிருந்து பட்டாளத்துத் தபால் பையில் டெல்லிக்கு வந்து, டெல்லியிலிருந்து எங்கள் ஊருக்கு வர மூன்று வாரம் ஆகும். ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் நம்பர் போட்டிருப்பார், நடுவில் ஒன்று தவறினால் தெரிய வேண்டும் என்று. ஆறு பக்கம், எட்டு பக்கம், பொடிப் பொடியான எழுத்து. வாயில் வராததெல்லாம் விரலில் வந்து நிற்கும்.

சின்னவள் ஏழாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கடிதத்தை என்னிடம் நீட்டி, "நீ படி அக்கா. நீ படிச்சா அவரே பேசற மாரி இருக்குது" என்பாள். விளக்கேற்றிய பிறகு பூசை அறை வாசலில் உட்கார்ந்து படிப்பேன்.

"இங்கே ஒரு பெண் கழுதை மேல் தண்ணீர் கொண்டுவந்து விற்கிறாள். கழுதையின் கழுத்தில் ஒரு பச்சைத் துணி கட்டியிருக்கிறாள். நீ பெண் பார்த்த அன்று கட்டியிருந்த புடவையின் பச்சை. தினமும் அவள் வருகிற நேரத்துக்கு நான் கேட் பக்கம் டியூட்டி கேட்டு வாங்குகிறேன்."

"நேற்றுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இன்றைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். முகத்தைப் பார்த்து எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிகிறது. எங்களை நடுவில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். நிற்கிறோம்."

"பஞ்சு பிடிக்கிறவர்களுக்குக் களிமண் காய்ந்து இடது மணிக்கட்டில் வெடிப்பு வருமே, தேங்காய் எண்ணெய் தடவுகிறாயா? தனியாகத் தடவச் சொன்னால் மறந்துவிடுவாய். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது அதே கையோடு தடவிக்கொள்."

அந்த வரியைப் படிக்கும்போது கடிதத்தைப் பிடித்திருந்தது என் கை. அதிலும் வெடிப்பு இருந்தது. அதே முக்காலி வரிசை, அதே களிமண்.

கடைசிப் பக்கத்தின் அடியை மட்டும் சின்னவள் மடித்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்வாள். "இதுக்குக் கீழ வாணாம் அக்கா" என்பாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு, எனக்கென்ன என்று சிரிப்பேன். ஆனால் மத்தியானம் பஞ்சு பிடிக்கும்போதும், சோறு வடிக்கும்போதும், பிரகாரம் சுற்றும்போதும்கூட அந்த மடிப்புதான் என் கண்ணில் நிற்கும். அதற்குக் கீழே அவளை என்னவெல்லாம் சொல்லிக் கொஞ்சியிருப்பார்? சாமி முன்னால் நின்று இதை நினைத்தேன். மன்னிக்க வேண்டும்.

அவள் அம்மா வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடிதங்கள் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஒட்டடை அடிக்கும்போது கண்ணில் பட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். தேடித்தான் எடுத்தேன். பதினோராவது கடிதத்தின் மடிப்பைப் பிரித்தேன்.

"அண்ணி சரியாக இல்லை. லீவில் வந்தபோதே பார்த்தேன். எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார்கள். அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார்கள். அவன் பார்க்காமலே உள்ளே போகிறான். அவனிடம் சொன்னால் புரியாது. வெள்ளிக்கிழமை பூ வாங்கினால் முதலில் அண்ணிக்குக் கொடு, பிறகு நீ வைத்துக்கொள். இதை அவர்களிடம் காட்டாதே."

பன்னிரண்டைப் பிரித்தேன். பதின்மூன்று, பதினான்கு. கொஞ்சம் அவளைப் பற்றி, கொஞ்சம் என்னைப் பற்றி. இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் "மொதல்ல நீ வெச்சிக்க அக்கா" என்று அவள் நீட்டிய மல்லிகையை நான் பாசம் என்று நினைத்திருந்தேன். அது கடல் தாண்டி வந்த உத்தரவு.

நியாயமாகப் பார்த்தால் நான் அழுது கும்பிட்டிருக்க வேண்டும். என்னையும் ஒரு மனுஷர் கவனித்திருக்கிறார். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். என்னைப் பார்த்தது அவர். ஆனால் என் குறையைப் படித்தது அவள். புருஷன் அன்பு முழுவதும் அவளுக்கு, மிச்சம் இருந்த இரக்கம் எனக்கு, அதையும் அவள் கையால்தான் வாங்க வேண்டுமா?

மறுநாள் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மணவாளநல்லூர் போனேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே இருக்கிற முருகன் பேர் கொளஞ்சியப்பர்; அவருக்குப் பிராது கட்டுவோம். கோர்ட்டுக்கு மனு எழுதுகிற மாதிரி, ஊர், பேர், குறை எல்லாம் காகிதத்தில் எழுதி, முருகன் பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவைப்பார். தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். எழுதினதைத்தான் சாமி எடுத்துக்கொள்வார் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் ஒரு வார்த்தைக்கு நாலு தடவை யோசித்து எழுதுவோம்.

நான் யோசிக்கவில்லை. "எங்கள் வீட்டுக்குக் கடல் தாண்டி வரும் கடிதங்களால் என் நிம்மதி கெடுகிறது. அவை இனி வரக் கூடாது. தாங்கள் நிறுத்த வேண்டியது" என்று என் நல்ல கையெழுத்தில் எழுதிக் கட்டிவிட்டு வந்தேன்.

பதினைந்தாவது கடிதம் வரவில்லை.

முதல் இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்புறம் போனும் நின்றது. டிவியில் அந்த நாட்டின் பேர் சொன்னார்கள். புகை காட்டினார்கள். பட்டாளத்து ஆபீஸ் நம்பருக்குப் போட்டால், "தகவல் வந்தா சொல்றோம்" என்று வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல் படியில் உட்கார ஆரம்பித்தார். சின்னவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கை வாய்க்குப் போகாது.

ஒரு நாள் பஞ்சைப் பிழியும்போது எனக்குத் திடீரென்று உறைத்தது. கடிதம் வரக் கூடாது என்று எழுதினேனே, ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் என்று எழுதினேனா? எழுதவில்லை. கடிதத்தை நிறுத்தச் சாமிக்கு எத்தனையோ வழி. எந்த வழி என்று நான் குறிப்பிடவில்லை. கையிலிருந்த கட்டை நசுங்கிவிட்டது.

அன்றைக்கே சின்னவள் சொன்னாள்: "அக்கா, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வரலாம் வாயேன். நீ எழுது. ஒங் கையெழுத்து அச்சடிச்ச மாரி இருக்கும், சாமி ஒடனே படிச்சிரும்."

போனோம். மண்டபத்தில் உட்கார்ந்து காகிதத்தை என் மடியில் வைத்தாள். "எம் வூட்டுக்காரரு கையால கடிதாசி வரணும்னு எழுது" என்றாள். பேனா நகரவில்லை. வரக் கூடாது என்று எழுதிய கை, வர வேண்டும் என்று எழுதினால் சாமி எதை எடுத்துக்கொள்வார்? "தோ வரேன் இரு" என்று எழுந்து, பிராது பதிகிற இடத்துக்குப் போனேன்.

"ஒரு பிராத வாபஸ் வாங்கணுங்க" என்றேன் அங்கே இருந்தவரிடம்.

"வேண்டுனது நடந்துடுச்சாம்மா?"

கையிலிருந்த வெற்றுக் காகிதத்தை நான் இரண்டாக மடித்தேன்.

"நடந்தாத்தாம்மா வாபஸ். நடக்கலன்னா இன்னம் நாள் இருக்குது, பொறுமையா இருங்க."

"நடந்துடுச்சுங்க" என்றேன்.

"சந்தோஷம். சாமி கைவிடல பாத்தீங்களா!" என்றார் அவர்.

பின்னால் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு. "நீ எப்பக்கா கட்டுன? சொல்லவே இல்ல! என்னா கேட்ட? அதான் நடந்துடுச்சே, சொல்லு. எனக்கும் நடக்கும்ல?"

சாமி எதிரில் பொய் சொல்ல முடியவில்லை. "தம்பி கடிதாசி வரக் கூடாதுன்னு கேட்டேன்டி" என்றேன்.

அவளுக்கு விளங்க நேரம் ஆயிற்று. "ஒன்னதான அக்கா படிக்கச் சொன்னேன்? எல்லாத்தயும் ஒன்கிட்டதான குடுத்தேன்?"

"மடிச்சதயும் படிச்சிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. என் கையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து அவளே எழுதினாள். ஒரு எழுத்து எழுதிவிட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அடுத்த எழுத்து. இரண்டு பஸ் போய்விட்டது. கடைசியில் எழுந்து அவளே கட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "பிராது கட்றதுன்னா எம்மேலதான புள்ள கட்டியிருக்கணும்? அவன் என்னா பண்ணான்?" என்றார். பிறகு ஒரு வாரம் என்னை உற்று உற்றுப் பார்த்தார். "என்னாங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, பாக்கறேன்" என்பார்.

சின்னவள் கட்டிய இருபத்தோராவது நாள் மூன்று கடிதம் ஒன்றாக வந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு. உயிரோடு இருந்தார். அவள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். என்னிடம் நீட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "மா... மாலை... நே... நேரம்..." அடுப்படியில் நின்று கேட்டேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். நான் படித்தால் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் இனி எனக்கு இல்லை என்று அவள் மேல் மறுபடியும் பொறாமைப்பட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து என் பேருக்கே ஒரு கடிதம் வந்தது. மூலையில் நம்பர் இல்லை.

"அண்ணிக்கு நமஸ்காரம். அவள் எல்லாம் எழுதினாள். அவள் எழுதிய முதல் கடிதம் அது. நீங்கள் பிராது கட்டிய நாளுக்கு முன்பே பதினைந்தாவது கடிதத்தைப் பையில் போட்டுவிட்டேன். விமானம் வராததால் பை போகவில்லை. பிறகு வேலிக்கு வெளியே சுட ஆரம்பித்ததும் ஜனங்கள் முகாமுக்குள் ஓடிவந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம், தாய்கள் ஒரு பக்கம். எந்தப் பிள்ளை யாருடையது என்று எழுதச் சொன்னார்கள். ஆபீஸ் பேப்பர் தீர்ந்து, வீட்டுக்கு எழுத வைத்திருந்த பேப்பரில் எழுதினேன். அவர்கள் பேரை எப்படி எழுதுவது என்று தெரியாமல், காதில் விழுந்தபடி தமிழில் எழுதினேன். எழுதினதை எனக்குத்தானே படிக்கத் தெரியும்? மேடை மேல் ஏற்றிச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். நான் கத்தினேன் அண்ணி. ஒவ்வொரு பேருக்கும் ஒரு தாய் கை தூக்கினாள். சில பேருக்கு யாரும் தூக்கவில்லை. அந்தப் பேர்களை மறுநாளும் கத்தினேன்.

உங்களைப் பற்றி நான் பார்த்ததை உங்களிடமே சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் எழுதினது என் தப்பு.

அவள் கோபத்தில் சரியாகச் சாப்பிடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள்."

எனக்கென்று வந்த ஒரே கடிதம். அதிலும் கடைசி வரி அவளுக்குத்தான். ஆனாலும் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டாள். மறுசோறு வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள்.

தம்பி திரும்பி வந்ததும் வடக்கே குவார்ட்டர்ஸ் கிடைத்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது எனக்குக் கும்பிடு போட்டார். அதோடு நேரில் பார்த்தது சரி. அவள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வாள். "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். கடிதம் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசுவதில்லை.

போன கிருத்திகைக்குக் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் இந்தக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர்ப்படியாள் மேல் பொறாமையில் பிராது கட்டியவளுக்குக் கண் அவிந்துபோனது என்றாள் ஒருத்தி. இல்லை, அவள் மனம் திருந்தி மொட்டை போட்டுக்கொண்டாள், உடனே கடிதம் வந்தது என்றாள் மற்றவள். கேட்டுக்கொண்டே பின்னால் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன்.

சாமி எனக்காகக் கடிதத்தை நிறுத்தினாரா, அந்த ஊர்ச் சண்டை நிறுத்தியதா, எனக்குத் தெரியாது. தம்பி எழுதியது நிஜமா, என் மனசைத் தேற்ற எழுதியதா, அதுவும் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். அவர் கத்திப் படித்த பேர்களை விட்டுவிடாதீர்கள். நான் எழுதிக் கட்டியதையும் விட்டுவிடாதீர்கள். எனக்குக் கண் போனது என்று சேர்க்க வேண்டாம். முக்கியமாக, நான் திருந்திவிட்டேன் என்று சேர்க்க வேண்டாம். போன தீபாவளிக்குப் போனில் அவள், "கைக்கு எண்ணெ தடவுனியான்னு இன்னம் கேட்டுட்டே இருக்காரு அக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது அதே கையோடு என் மணிக்கட்டில் தடவிக்கொண்டேன்.